டாக்டரைக் கேட்டால் பார்மசிஸ்ட் பேசுகிறாரே, ஏன்?

கேள்வி: "இங்கிலாந்தில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 76 வயது. பிரஷர், சுகர், முழங்கால் வலி என்று ஒன்பது மருந்து எடுக்கிறார். ஜிபி சர்ஜரியில் (எங்கள் பகுதிக் குடும்ப டாக்டர் கிளினிக்) டாக்டர் அப்பாயின்ட்மென்ட் சுலபத்தில் கிடைப்பதில்லை. இப்போது திடீரென்று, 'மருந்துகளைப் பற்றிப் பேச எங்கள் பார்மசிஸ்ட் வியாழக்கிழமை போன் செய்வார்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. மருந்துக்கடையில் நிற்பவர் டாக்டர் வேலையை எப்படிப் பார்க்கலாம்? செலவைக் குறைக்க எங்களைத் தள்ளிவிடுகிறார்களா? அம்மா பேசலாமா?"

பேசலாம். கட்டாயம் பேசச் சொல்லுங்கள். ஆனால் போனில் வேண்டாம், நேரில் வருகிறோம் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கான காரணம் கீழே வரும்.

நான் அந்த வேலையில் இருப்பவள். மதுரையில் பி.ஃபார்ம் முடித்து இங்கே வந்தேன். வெளிநாட்டில் படித்த பார்மசிஸ்ட்டுகளுக்கென்று உள்ள ஒரு வருடப் படிப்பு, அதன்பின் ஒரு வருடப் பயிற்சி, பதிவுத் தேர்வு எல்லாம் முடித்து ஐந்து வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். கடந்த ஏழு வருடமாக ஜிபி சர்ஜரியில் இருக்கிறேன். என் அறையில் ஒரு மாத்திரைகூடக் கிடையாது. மேசை, இரண்டு நாற்காலி, பிரஷர் பார்க்கும் மெஷின், கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

கடையில் இருந்த எனக்கும் சர்ஜரியில் இருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் அந்தக் கம்ப்யூட்டர்தான். கடையில் என் கைக்கு வந்தது பிரிஸ்கிரிப்ஷன் மட்டும். அதில், நீர் இறக்கும் மாத்திரையான ஃபுரோசமைடு 40 மி.கி. என்று இருக்கும். ஏன் கொடுத்தார்கள், கிட்னி எப்படி இருக்கிறது, போன மாதம் ஆஸ்பத்திரியில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வாமை உண்டா, தற்போது என்னென்ன மருந்து என்ற சுருக்கக் குறிப்பைப் பார்க்க முடிந்தது; அதோடு சரி. சர்ஜரியில் டாக்டர் பார்க்கும் முழு ரெக்கார்டும் என் முன்னால் திறந்திருக்கிறது. பத்து வருட ரத்தப் பரிசோதனை, ஸ்பெஷலிஸ்ட் கடிதங்கள், யார் எந்தத் தேதியில் எந்த மருந்தை எதற்காக ஆரம்பித்தார்கள் என்பது வரை பார்க்கலாம். சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி டாக்டரிடமே கேட்கலாம்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், 78 வயது, மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் எல்லா மருந்தையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நான் மாத்திரை என்றேன், அவர் குளிசை என்றார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். ஃபுரோசமைடு பெட்டி வந்தது. அட்டை முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

"இது கால் வீங்கினதுக்கு டொக்டர் தந்தது பிள்ளை. அதைப் போட்டா ராவெல்லாம் எழும்ப வேணும். வெளியில போற நாளில நான் போடுறேல்லை."

டப்பாவின் அடியில், பெயர் அச்சடித்த லேபிள் எதுவும் இல்லாமல், ஒரு சின்ன காகித உறை. உள்ளே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. எங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லவே இல்லை.

"அது பெருவிரல் நோவுக்கு. போன முறை போனபோது கொழும்பில வாங்கினது. நல்ல குளிசை. ரெண்டு மணித்தியாலத்தில நோ போயிடும்."

ரெக்கார்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். பதினான்கு மாதத்துக்கு முன் பிரஷர் கூடியிருக்கிறது என்று ஆம்லோடிபினை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கியிருக்கிறார்கள். ஆறு வாரத்தில் கணுக்கால் வீங்கியிருக்கிறது. அது அந்த மாத்திரையாலேயே வருவது. அளவு கூடினால் வீக்கமும் கூடும். ஆனால் அன்று பார்த்தவர் வேறு டாக்டர். வீங்கிய காலைப் பார்த்து, நீர் இறங்க ஃபுரோசமைடு எழுதியிருக்கிறார். ஃபுரோசமைடு யூரிக் ஆசிடை ஏற்றும். நான்கு மாதம் கழித்துப் பெருவிரல் சிவந்து வீங்கி, யூரிக் ஆசிடால் வரும் கவுட் என்ற மூட்டு வலி வந்திருக்கிறது. அதற்குத்தான் கொழும்பு மாத்திரை. ஏற்கெனவே பிரஷருக்கு ராமிப்ரிலும் ஓடிக்கொண்டிருந்தது. ராமிப்ரில், ஃபுரோசமைடு, டைக்ளோஃபெனாக் மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கிட்னிக்குள் ரத்த ஓட்டம் மூன்று பக்கமும் அடிவாங்கும். அந்த அம்மாவின் கிட்னி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண் (eGFR) பத்து மாதத்தில் 64-லிருந்து 41-க்கு இறங்கியிருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று டாக்டர்கள், ஆளுக்குப் பத்து நிமிடம். ஒவ்வொருவரும் அன்று தன் முன்னால் வந்த தொல்லைக்கு நியாயமான மருந்தைத்தான் எழுதினார்கள். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொன்று என்று சங்கிலி நீண்டதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எனக்கு அன்று அரை மணி நேரம் இருந்தது.

டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தினோம். டாக்டரிடம் பேசி, வீக்கம் இதயத்தால் வந்ததா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை செய்தோம். இல்லை என்று வந்தது. ஆம்லோடிபின் மறுபடி 5-க்கு வந்தது. வீக்கம் வடிய வடிய ஃபுரோசமைடைப் பாதியாக்கிப் பிறகு நிறுத்தினோம். மகள் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி அனுப்பினார். கிட்னி தேறிய பிறகு ராமிப்ரிலைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்தோம். மூன்று மாதத்தில் 41 என்பது 55 ஆனது. இப்போது ராத்திரி ஒரு தடவைதான் எழும்புகிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், செலவைக் குறைக்கவா என்று. முழுக்க இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இங்கிலாந்தில் ஜிபி டாக்டர்கள் போதவில்லை. பார்மசிஸ்ட்டுகளைச் சர்ஜரிக்குள் கொண்டுவந்ததற்கு அது ஒரு காரணம். 2015-ல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இதை முன்னோட்டமாக ஆரம்பித்தது. 2016-ல் இன்னும் 1,500 பேரை எடுப்பதாக அறிவித்தது. 2019 ஜூலையில் பக்கத்துப் பக்கத்து சர்ஜரிகளைச் சேர்த்து, 30,000 முதல் 50,000 பேர் வரை கொண்ட குழுக்களாக அமைத்தார்கள். அந்தக் குழுக்கள் பார்மசிஸ்ட்டை வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் என்ஹெச்எஸ் தரும் என்றார்கள். 2020 ஏப்ரலிலிருந்து முழுச் சம்பளமும் என்றார்கள். அந்தப் பணத்தால்தான் என்னைப் போன்றவர்கள் இவ்வளவு வேகமாகப் பெருகினோம். அதே பணத்தில் டாக்டரை எடுக்க வெகுகாலம் அனுமதி இல்லை. ஒருபக்கம் மக்கள் டாக்டர் கிடைக்கவில்லை என்று அலைய, இன்னொரு பக்கம் புதிதாகப் பயிற்சி முடித்த ஜிபிக்கள் வேலை தேடி அலைந்தார்கள். 2024 அக்டோபரில்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் டாக்டர் பஞ்சம் வருவதற்கு முன்பே, மருந்தால் வரும் கேடு ஒரு தனி நோயாக வளர்ந்துகொண்டிருந்தது. 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், லிவர்பூல் பக்கம் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 18,820 பேரைப் பார்த்தபோது, 6.5 சதவீதம் பேர் வந்ததற்கு மருந்தின் பாதகமான விளைவே காரணமாகவோ பங்காகவோ இருந்தது. அதிகம் மாட்டியவை ஏதோ அபூர்வமான மருந்துகள் அல்ல. ஆஸ்பிரின், நீர் இறக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலி மாத்திரை. 2012-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஜிபிக்கள் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன்களில் இருபதுக்கு ஒன்றில் ஏதாவது பிழை இருந்தது. பெரும்பாலும் சிறியவைதான், ஆனால் 550-க்கு ஒன்று கடுமையானது. 2021-ல் அரசு வெளியிட்ட அறிக்கை, இங்கிலாந்தில் 15 சதவீதம் பேர் தினமும் ஐந்தோ அதற்கு மேலோ மருந்து எடுக்கிறார்கள், எழுதப்படும் மருந்துகளில் பத்தில் ஒரு பங்காவது தேவையற்றதாக இருக்கலாம் என்றது.

பார்மசிஸ்ட் உள்ளே வந்தால் இது மாறுமா என்பதற்கும் சோதனை நடந்திருக்கிறது. பின்சர் என்று பெயர். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனி ஏவரி தலைமையில் 72 சர்ஜரிகளில் நடந்து 2012-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆபத்தில் இருக்கும் நோயாளிகளைக் கம்ப்யூட்டரில் தேடி எடுக்கும் புரோகிராம் ஒன்றை எல்லாச் சர்ஜரிகளுக்கும் கொடுத்தார்கள். வயிற்றுப்புண் வந்தவர் பாதுகாப்பு மருந்து இல்லாமல் வலி மாத்திரை எடுப்பது, ஆஸ்துமா உள்ளவர் பீட்டா பிளாக்கர் வகைப் பிரஷர், இதய மருந்தை எடுப்பது, 75 வயதுக்கு மேற்பட்டவர் ராமிப்ரில் போன்ற மருந்தையோ நீர் மாத்திரையையோ பதினைந்து மாதமாக ரத்தப் பரிசோதனை இல்லாமல் எடுப்பது, இந்த மாதிரி. பாதி சர்ஜரிகளுக்கு வெறும் பட்டியல் போனது. மீதிப் பாதிக்குப் பட்டியலோடு ஒரு பார்மசிஸ்ட்டும் போனார். ஆறு மாதத்தில், பார்மசிஸ்ட் போன இடங்களில் இந்த மூன்று ஆபத்துமே தெளிவாகக் குறைந்திருந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது, தவறைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, அதை எடுத்துக்கொண்டு போய்த் திருத்த ஓர் ஆள் வேண்டும் என்று அது காட்டியதுதான்.

மருந்துக்கடையில் நிற்பவர் எப்படி என்றும் கேட்டீர்கள்; படிப்பைச் சொல்கிறேன். இங்கே பார்மசிஸ்ட் ஆக நான்கு வருட எம்.ஃபார்ம், ஒரு வருடப் பயிற்சி. சர்ஜரி வேலைக்கு வந்தால் அதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டு. அதற்கான தகுதியும் பெற்றால் 2006-லிருந்து பார்மசிஸ்ட்டே பிரிஸ்கிரிப்ஷன் எழுதலாம். அவரவர் தேர்ச்சி பெற்ற துறைக்குள் மட்டும். நான் பிரஷருக்கும் சுகருக்கும் எழுதுகிறேன். நெஞ்சு வலி என்று யாராவது சொன்னால் நான் வைத்துக்கொண்டு பார்ப்பதில்லை. இருமலில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, புதிதாக ஒரு கட்டி என்றாலும் அப்படித்தான். நோய் என்னவென்று கண்டுபிடிப்பது டாக்டருடைய வேலை. அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

என் நாளில் பாதி உங்கள் கண்ணில் படாமல் போகும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் டிஸ்சார்ஜ் கடிதங்களைப் படித்து எங்கள் பட்டியலைத் திருத்துவது முதல் வேலை. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தைப் பற்றி, "இந்த மாத்திரை பன்னிரண்டு மாதம், பிறகு நிறுத்தவும்" என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் குறித்துக்கொள்ளாவிட்டால் ஐந்து வருடம் ஆனாலும் ரிப்பீட்டில், அதாவது டாக்டரைப் பார்க்காமலே தொடரும் பிரிஸ்கிரிப்ஷனில், போய்க்கொண்டே இருக்கும், ஒருநாள் வயிற்றில் ரத்தம் கசியும்வரை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் ஒழுங்காக ரத்தம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். அது வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மருந்து. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் எந்தக் கிழமை என்பதை வாயால் சொல்லவைத்து, லேபிளிலும் எழுத வைக்கிறேன். ஒரு மருந்து நாடு முழுக்கத் தட்டுப்பாடு என்றால் அதற்கு மாற்று தேடுவதும் என் மேசைக்குத்தான் வரும்.

நம்மவர்களிடம் நான் தவறாமல் கேட்பது இன்னொன்று உண்டு, விரதம். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருப்பவர்கள் இங்கே நிறைய. சாப்பிடாமல் சுகர் மாத்திரையான கிளிக்ளசைடு போட்டால் சுகர் இறங்கி மயங்கி விழலாம். டாபாகிளிஃபுளோசின் போன்ற சுகர் மருந்தைப் பட்டினியோடு எடுத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் சுகர் அளவு சாதாரணமாகத் தெரியும்போதே. விரதத்தை விடுங்கள் என்று நான் சொல்வதில்லை. எதை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது, எப்போது விரதத்தை முடித்துவிட வேண்டும் என்று ஒரு மாதம் முன்னாலேயே பேசிக்கொள்கிறோம். இதை டாக்டரிடம் சொல்லக் கூசுகிறவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் தானாக வெளியே வரும் பேச்சு அது.

அதனால்தான் ஒரு விஷயம் எனக்கு வலிக்கிறது. இந்த வேலையின் பலன் முழுவதும் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது, அதைத்தான் பல இடங்களில் முதலில் பிடுங்கிக்கொள்கிறார்கள். நான் முதலில் வேலை பார்த்த ஓர் இடத்தில் திங்கள் ஒரு சர்ஜரி, செவ்வாய் இன்னொன்று என்று நான்கு சர்ஜரிக்கு என்னைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கும் எனக்கென்று ஒரு நாற்காலி இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை ரிப்பீட் பிரிஸ்கிரிப்ஷனுக்கு ஒப்புதல், இத்தனை கடிதம், நடுவில் பத்துப் பத்து நிமிடமாகப் போனிலேயே ரிவியூ, அதாவது எடுக்கும் மருந்துகளைச் சரிபார்ப்பது. ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் இருக்கும் காகித உறை போனில் தெரியாது. "எல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?" "ஓம், போடுறன்." முடிந்தது, பெட்டியில் டிக். இது ரிவியூவே அல்ல. டாக்டர்களுக்கும் அதில் நிம்மதி இல்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் வருகிறவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அவர்கள் நேரம் போனது. மருத்துவச் சேவைகளை ஆராயும் கிங்ஸ் ஃபண்ட் அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: புதிய ஆட்களை எடுத்தார்கள், அவர்களை எதற்கு எடுத்தோம் என்பதில் சர்ஜரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இருக்கவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் நான் ஒரே சர்ஜரிக்கு உரியவள். ரிசெப்ஷனில் இருப்பவர்களுக்கு எதை என்னிடம் அனுப்பலாம், எதை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரியும். வேலை நடக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்களைப் போலப் பலர் சர்ஜரிக்கு வந்ததில் மருந்துக்கடைகள் ஆளில்லாமல் திணறின. அதே கடைகளுக்கு 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, சைனஸ், பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு தொல்லைகளுக்கு, தேவைப்பட்டால் அவர்களே மருந்து தரும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். கடையில் நிற்பவரைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

இனி வியாழக்கிழமைக்கு. சர்ஜரிக்குப் போன் செய்து, இது ஸ்ட்ரக்சர்ட் மெடிகேஷன் ரிவியூவா, அதாவது எல்லா மருந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கும் சந்திப்பா என்று கேளுங்கள். 2020 அக்டோபரிலிருந்து சர்ஜரிக் குழுக்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கும் சேவை அது. நிறைய மருந்து எடுப்பவர்கள், உடல் தளர்ந்தவர்கள், பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்கு உரியது. ஆம் என்றால் அரை மணி நேரம், நேரில் வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் கூடப் போவது நல்லது, ஆனால் கொஞ்ச நேரமாவது அம்மாவே பேசட்டும். மகன் முன்னால், மகள் முன்னால், மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சொல்ல அம்மாக்களுக்குத் தயக்கம் இருக்கும்.

வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்ஜரி தந்தது மட்டும் இல்லை; ஊரிலிருந்து வந்த மாத்திரை, சித்த மருந்து, சூரணம், சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ஐபுப்ரோஃபென், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். அம்மா எதைப் போடுவதில்லை என்பதையும் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள், போடாத மாத்திரையைப் போடுவதாக நினைத்து இன்னொன்றை ஏற்றிவிடுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு மருந்தையும் காட்டி, இது எதற்கு, இன்னும் தேவையா, நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக பீட்டா பிளாக்கர், ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து. முடிவில் மாற்றங்களை எழுதி வாங்கி, அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அம்மா என்ன போடுகிறார் என்று இன்றைக்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.